பன்னண்டரை மணிக்கு போய் பாருங்க

கேள்வி: டாக்டர், எனக்கு 9 மாசத்துல ஒரு பொண்ணு. மெட்டர்னிட்டி லீவு 26 வாரம் முடிஞ்சு, சம்பளம் இல்லாம இன்னும் கொஞ்சம் நீட்டிச்சு, இப்ப அடுத்த மாசம் ஒண்ணாந்தேதி ஆபீஸ் போயே ஆகணும். வேலை ஓஎம்ஆர்ல, வீடு மேடவாக்கம். மாமியார் பாத்துக்கறேன்னு சொல்லியிருந்தாங்க, மாமனாருக்கு முடியாம போனதால ஊருக்கே திரும்பிட்டாங்க. எங்க அபார்ட்மென்ட்லயே ரெண்டாவது மாடில ஒரு அக்கா வீட்டுல வச்சு டே கேர் நடத்தறாங்க. ஏழு குழந்தைங்க, அதுல ரெண்டு பேரு ஸ்கூல் விட்டு வர்ற பசங்க, மிச்ச அஞ்சும் மூணு வயசுக்குள்ள. உதவிக்கு ஒரு பொண்ணு வருது. மாசம் 7,000 ரூபா. ஞாயித்துக்கிழமை நானும் வீட்டுக்காரரும் போய் பாத்தோம், வீடு பளிச்சுனு இருந்துச்சு, சுவத்துல படமெல்லாம் ஒட்டியிருந்துச்சு, கேமரா இருக்கு, போன்லயே பாத்துக்கலாம்னாங்க. கேமரா இருக்கே, இதுக்கு மேல என்ன வேணும்ங்கறார் அவரு. எனக்கு என்னமோ மனசு ஒப்பல, ஆனா என்ன குறைன்னு சொல்லவும் தெரியல. ரிஜிஸ்டர் பண்ணியிருக்காங்களான்னு கேக்கணுமா? எத பாத்து முடிவு பண்றது? ரொம்ப கேள்வி கேட்டா தப்பா எடுத்துப்பாங்களோன்னும் பயமா இருக்கு, தினம் லிஃப்ட்ல மூஞ்சில முழிக்கணும்.

பதில்:

உங்க மனசு ஏன் ஒப்பலன்னு எனக்கு புரியுதும்மா. நீங்க ஞாயித்துக்கிழமை போனீங்க இல்லயா, அன்னிக்கு அங்க ஒரு குழந்தையும் இருந்திருக்காது. நீங்க பாத்தது அந்த அக்காவோட வீடு, டே கேர நீங்க இன்னும் பாக்கவே இல்ல. சுத்தமான வீடு, சுவத்துல மிக்கி மவுஸ், மூலைல பொம்மை கூடை, இதெல்லாம் யாரு வேணா ஒரே நாள்ல ரெடி பண்ணிடலாம், அதுக்கு நான் மார்க்கே போட மாட்டேன். வேலை நாள்ல, மத்தியானம் பன்னண்டரை மணிக்கு போங்க. சொல்லிட்டு ஒரு தடவ, சொல்லாம ஒரு தடவ.

ஏன் பன்னண்டரைன்னு சொல்றேன்னா, வீட்டு டே கேர்ல இருக்கறதுலயே கஷ்டமான நேரம் அதான். காலைல பத்து மணிக்கு போனா குழந்தைங்க வயிறு நிறைஞ்சு விளையாடிட்டு இருக்கும், யாரு பாத்தாலும் நல்லா தான் தெரியும். பன்னண்டுல இருந்து ரெண்டு வரைக்கும் தான் எல்லாம் ஒண்ணா வரும், குக்கர் விசில் அடிக்கும், ஒண்ணுக்கு பசி, ஒண்ணுக்கு தூக்கம், ஒண்ணு டயப்பர நனைச்சிருக்கும், ரெண்டு வயசுக்காரன் எவனாவது பக்கத்து குழந்தை கைய கடிச்சிருப்பான், அதே நேரம் காலிங் பெல் அடிச்சு அமேசான் பார்சல் வரும். அப்ப அந்த வீட்டுல எத்தன கை இருக்கு, அந்த கைங்க என்ன பண்ணுதுங்கறது தான் முழு விஷயமும். அரை மணி நேரம் ஒரு ஓரமா உக்காந்தீங்கன்னா, நான் இங்க எழுதறத விட அதிகமா உங்களுக்கே தெரிஞ்சுடும். உள்ள உக்கார விட மாட்டேன், வாசல்லயே நின்னு பாத்துட்டு போங்கன்னு சொன்னாங்கன்னா அதுவே உங்களுக்கு பதில்.

அங்க உக்காந்து என்ன பாக்கணும்னா, முதல்ல டயப்பர் மாத்தறத பாருங்க. எங்க வச்சு மாத்தறாங்க, சாப்பாடு ஊட்டற அதே பாய்லயா, தனி இடத்துலயா. மாத்தி முடிச்ச உடனே அந்த பொண்ணு எங்க போகுதுன்னு கண்ணால பின்னாடியே போங்க. நேரா வாஷ் பேசினுக்கு போய் சோப்பு போட்டு கழுவுச்சுன்னா சந்தோஷம். துப்பட்டாலயோ நைட்டிலயோ ஒரு தொடை தொடச்சுட்டு அடுத்த குழந்தைக்கு பருப்பு சாதம் பிசைய உக்காந்துச்சுன்னா, உங்க பொண்ணுக்கு மாசம் ஒரு வயித்துப்போக்கு வர்றதுக்கு வழி அதான். ஏற்கனவே டே கேர்ல சேக்கற முதல் வருஷம் சளி காய்ச்சல் மாத்தி மாத்தி வந்துட்டு தான் இருக்கும், அத தடுக்க முடியாது, அது டே கேரோட குத்தமும் இல்ல. ஆனா கை கழுவாததால வர்றது வேற.

அடுத்து ஊட்டறது. ஒரே கிண்ணம், ஒரே ஸ்பூன், வரிசையா உக்கார வச்சு ஒவ்வொரு வாய்ன்னு ஊட்டிட்டு போறாங்களான்னு பாருங்க, நிறைய வீட்டுல இப்படி தான் நடக்குது, பாசமா தான் பண்றாங்க, ஆனா ஒருத்தரோட கிருமி ஏழு பேருக்கும் போகும். பால் பாட்டில தலகாணி மேல சாய்ச்சு வச்சுட்டு குழந்தை வாயில சொருகிட்டு போறத பாத்தீங்கன்னா யோசிக்கவே வேண்டாம், வேற இடம் பாருங்க, புரை ஏறினா திரும்பி பாக்க ஆள் இல்லன்னு அர்த்தம். டிவி ஓடுதான்னும் பாருங்க. ரெண்டு வயசு வரைக்கும் ஸ்க்ரீனே வேண்டாம்னு தான் எங்க குழந்தை மருத்துவர் சங்கமும் சொல்லுது, ஆனா நான் டிவிய பாக்க சொல்றது அதுக்காக மட்டும் இல்ல, மத்தியானம் பூரா ரைம்ஸ் ஓடுற வீட்டுல அந்த டிவி தான் மூணாவது ஆயா. ஆள் பத்தலன்னா தான் டிவிய போடுவாங்க.

இப்ப ஆள் கணக்குக்கு வர்றேன், எனக்கு இதான் முக்கியம். ஏழு குழந்தைன்னு எழுதியிருக்கீங்க, ஏழுங்கறது எனக்கு ஒண்ணும் சொல்லல. அந்த அஞ்சு சின்னதுங்கள்ல ரெண்டு வயசுக்குள்ள எத்தன, இன்னும் நடக்காதது எத்தன, அத கேளுங்க. நாலு வயசு குழந்தை அஞ்சு பேரையும் ஒருத்தர் பாத்துக்கலாம், கைக்குழந்தை அஞ்சு பேர யாராலயும் பாத்துக்க முடியாது, அது பாசம் பொறுமை சம்பந்தப்பட்டதே இல்ல. இங்கிலாந்துல வீட்டுல வச்சு பாத்துக்கறவங்களுக்கு பொதுவான விதி என்னன்னா ஒரு ஆளுக்கு 5 வயசுக்கு கீழ மூணு பேர், அதுலயும் ஒரு வயசு ஆகாதது ஒண்ணே ஒண்ணு. அமெரிக்கால குழந்தை மருத்துவர்கள் சேந்து போட்ட வழிகாட்டுதல்ல, தனியா பாத்துக்கறவங்க கிட்ட 2 வயசுக்கு கீழ ரெண்டு குழந்தை இருந்தா வேற ஒரு குழந்தையும் சேக்கக்கூடாதுன்னு இருக்கு. காரணம் ரொம்ப சிம்பிள், நெருப்போ புகையோன்னு ஓட வேண்டி வந்தா ஒரு ஆளு ரெண்டு குழந்தைய தான் தூக்க முடியும்.

உங்க அக்கா வீடு ரெண்டாவது மாடி. கரண்ட் போய் லிஃப்ட் நிக்குது, கிச்சன்ல தீ, அந்த நேரம் அந்த வீட்டுல இருக்கற பெரியவங்க நடக்காத குழந்தைங்க எல்லாரையும் ஒரே நடையில படிக்கட்டுல இறக்க முடியுமா? முடியும்னா சரி. ஒண்ண மட்டும் விட்டுட்டு திரும்பி வரணும்னா அது என் கணக்குல ஆள் கம்மி. கும்பகோணத்துல 2004 ஜூலை 16ஆம் தேதி 94 குழந்தைங்கள இழந்தோம், சமையல் கொட்டகைல பத்தின தீ. அதுக்கப்புறம் ஸ்கூலுக்கெல்லாம் ஏகப்பட்ட ரூல் வந்துச்சு, ஆனா அபார்ட்மென்ட் ரெண்டாவது மாடில ஏழு குழந்தை இருக்குன்னு எந்த அதிகாரியும் வந்து பாக்கப்போறதில்ல, நீங்க தான் பாக்கணும். வாசக்கதவ உள்பக்கம் பூட்டி சாவிய எங்கயோ வைக்கறாங்களா, கிரில் கேட்டு பூட்டா, சாவி யாரு கிட்ட இருக்கு? குழந்தை வெளிய ஓடிடக்கூடாதுன்னு பூட்டறது நியாயம் தான், மேல் தாப்பா போட்டா போதும், தேடி எடுக்கற சாவி வேண்டாம்.

நம்ம ஊர்ல இங்கிலாந்து கணக்க எதிர்பாக்க முடியாது, 7,000 ரூபாய்க்கு அது கட்டுப்படியும் ஆகாது. என் கிட்ட கேட்டா, நாள் பூரா ரெண்டு பெரியவங்க, ரெண்டு வயசுக்குள்ள மொத்தம் நாலு பேருக்கு மேல இல்ல, அதுல உங்க பொண்ணும் சேத்தி. இதுக்கு மேல போனா வேண்டாம்னு சொல்லுவேன். நாள் பூராங்கறத அழுத்தி கேளுங்க, ஏன்னா நிறைய வீட்டுல ஹெல்ப்பர் பொண்ணு பத்து மணிக்கு வந்து மூணு மணிக்கு போய்டும், ஸ்கூல் பசங்க வர்றது மூணரைக்கு, நீங்க வர்றது ஏழு மணிக்கு. அந்த மூணரைல இருந்து ஏழு வரைக்கும் ஏழெட்டு குழந்தையோட அக்கா ஒருத்தரே இருப்பாங்க. அந்த பொண்ணு லீவு போட்டா என்ன பண்ணுவாங்க, அக்காவுக்கே காய்ச்சல்னா யாரு, இதுக்கு ஒரு பதில் இருக்கணும். “அப்படியெல்லாம் ஆகாதும்மா”ங்கறது பதில் இல்ல. “அன்னிக்கு காலைல ஆறு மணிக்கே போன் பண்ணி சொல்லிடுவேன், நீங்க தான் பாத்துக்கணும்”ங்கறது நல்ல பதில், உங்களுக்கு கஷ்டமா இருந்தாலும்.

கேமராவ பத்தி வீட்டுக்காரர் கிட்ட சொல்லுங்க, கேமரா குழந்தைய தூக்காது. அது ஹால்ல இருக்கும், குழந்தைங்க தூங்கறது பெட்ரூம்ல, விழறது பாத்ரூம்ல. கேமரா இருக்கறது கெட்டதுன்னு சொல்லல, ஒரு பயம் இருக்கும், அது நல்லது தான். ஆனா அந்த லிங்க் யாரு யாரு கிட்ட இருக்குன்னு கேட்டீங்களா? ஏழு வீட்டு அப்பா அம்மாவும் ஒரே பாஸ்வேர்ட் வச்சு பாத்தா, உங்க பொண்ண உங்களுக்கு தெரியாத பத்து பதினஞ்சு பேரு தினம் பாக்கறாங்கன்னு அர்த்தம். குழந்தைங்க விட்டுட்டு போன பிறகும் பாஸ்வேர்ட மாத்தறாங்களா? ட்ரெஸ் மாத்தற இடம் கேமராக்குள்ள வரக்கூடாது. இன்னொன்னு, ஆபீஸ்ல உக்காந்துட்டு நாள் பூரா அத பாத்துட்டே இருந்தீங்கன்னா வேலையும் ஓடாது, குழந்தை ஒரு நிமிஷம் அழறத பாத்துட்டு போன் மேல போன் போடுவீங்க, அந்த அக்கா குழந்தைய தூக்கறத விட்டுட்டு போன எடுக்கணும்.

தூக்கத்துக்கு வர்றேன். தூங்கற இடத்த காட்ட சொல்லுங்க, காட்ட மாட்டேன்னா வேண்டாம். ஒரு வயசு வரைக்கும் மல்லாக்க, கெட்டியான மெத்தைல இல்லன்னா பாய்ல, தலகாணி போர்வை பொம்மை எதுவும் இல்லாம. கட்டில் மேல நாலு பேர படுக்க வச்சு சுத்தி தலகாணி அணை கட்டறது எல்லா வீட்டுலயும் பண்றது தான், ஆனா 9 மாச குழந்தை அத தாண்டி தான் விழும். தூளி கட்டியிருந்தா ரெண்டு விஷயம். உங்க பொண்ணு இந்நேரம் எதையாவது புடிச்சு எழுந்து நிக்க பாக்கும், தூளில இருந்து எட்டி பாத்தா தலகுப்புற தான். அதோட பெரிய பசங்க அதே தூளில உக்காந்து முறுக்கி விளையாடுவாங்க, சேலை கழுத்துல சுத்தி குழந்தை செத்து போன செய்திய நீங்களே பேப்பர்ல படிச்சிருப்பீங்க. மூணரைக்கு ஸ்கூல் பசங்க வர்ற வீட்டுல தூளி தொங்கிட்டே இருக்கக்கூடாது, கட்டினாலும் தூங்கி முடிச்ச உடனே சுருட்டி மேல போட்டுடணும்.

அடுத்தத கேக்கறதுக்கு உங்களுக்கு சங்கடமா இருக்கும், இருந்தாலும் கேளுங்க. “தூங்கவே மாட்டேன்னு அழுதா என்னக்கா பண்ணுவீங்க?” இவ்ளோ தான், இதுக்கு மேல ஒரு வார்த்த பேசாதீங்க, அவங்க சொல்றத கேட்டுட்டே இருங்க. தோள்ல போட்டு நடப்பேன், பால்கனிக்கு தூக்கிட்டு போய் காக்கா காட்டுவேன்னு சொல்றவங்க நிறைய பேரு. ஆனா சில பேரு ரொம்ப இயல்பா, கொஞ்சம் வசம்பு உரச்சு நாக்குல தடவுவேன், கிரைப் வாட்டர் குடுப்பேன், சளி மருந்து அரை மூடி ஊத்துவேன்னு சொல்லிடுவாங்க, அவங்களுக்கு அது தப்புன்னே தெரியாது. சளி மருந்துல தூக்கம் வர வைக்கற குளோர்பெனிரமைன் இருக்கும், அதையும் மூக்கடைப்புக்கு குடுக்கற பினைல்எஃப்ரினையும் கலந்த மருந்த 4 வயசுக்கு கீழ குடுக்கக்கூடாதுன்னு பாட்டில் மேலயே எழுதணும்னு 2023 டிசம்பர்ல மத்திய மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவு போட்டிருக்கு. நீங்க எழுதி குடுக்காத எந்த மருந்தும், நாட்டு மருந்தா இருந்தாலும், குழந்தை வாய்க்கு போகக்கூடாதுன்னு தெளிவா சொல்லிடுங்க. சேத்த பிறகு தினமும் சாயங்காலம் எடுக்க போகும்போது குழந்தை துவண்டு தூங்கிட்டே இருக்கு, தூக்கினாலும் கண்ணு திறக்கல, வீட்டுக்கு வந்தும் தெளியலன்னா, “சமத்தா தூங்குது”ன்னு சந்தோஷப்படாதீங்க, எங்க கிட்ட தூக்கிட்டு வாங்க.

வீட்ட சுத்தி பாக்கும்போது நின்னுட்டு பாக்காதீங்க, வெக்கப்படாம தரைல உக்காந்து குழந்தை உயரத்துல இருந்து பாருங்க. சோஃபாக்கு அடில என்ன கிடக்கு, டிவி ரிமோட்ல பின் மூடி இருக்கா, பொம்மைல போடற வட்ட பேட்டரி தரைல உருளுதா. அந்த வட்ட பேட்டரி எல்லாத்துலயும் மோசம், முழுங்கினா உணவுக்குழாய்ல ஒட்டிட்டு ரெண்டு மணி நேரத்துல வெந்து புண்ணாக்கிடும். பூஜை ஷெல்ஃப் தாழ்வா இருந்தா அங்க கற்பூரம் இருக்கும், கல்கண்டுன்னு நினைச்சு வாயில போட்டு வலிப்போட வர்ற குழந்தைங்கள நாங்க கேஷுவாலிட்டில பாத்துட்டு தான் இருக்கோம். பீரோல அந்துருண்டை. பாத்ரூம்ல பினாயில், ஆசிட், அதுவும் பழைய கூல் ட்ரிங்க்ஸ் பாட்டில்ல ஊத்தி வச்சிருப்பாங்க, தெருவுல லூஸா விக்கற பினாயில் வாங்கற எல்லா வீட்டுலயும் இது உண்டு. பாத்ரூம் பக்கெட்ல தண்ணி பிடிச்சு வச்சிருக்காங்களா? மெட்ராஸ்ல தண்ணி பிடிச்சு வைக்காத வீடு ஏது, ஆனா தவழற குழந்தை பக்கெட்ட புடிச்சு எழுந்து எட்டி பாத்து தலகீழா விழுந்துச்சுன்னா அரை பக்கெட் தண்ணி கூட வேண்டாம், சத்தமும் வராது. பாத்ரூம் கதவுக்கு வெளிப்பக்கம், உயரத்துல ஒரு தாப்பா, நூறு ரூபா கூட ஆகாது. பால்கனி கிரில்லுக்கு பக்கத்துல பூந்தொட்டி, ஸ்டூல், பழைய வாஷிங் மெஷின் எதுவும் ஏறி நிக்கற மாதிரி இருக்கக்கூடாது. இதெல்லாம் சரி பண்ணக்கூடிய விஷயம், இதுக்காக இடத்த வேண்டாம்னு சொல்லாதீங்க, சொன்னா சரி பண்றாங்களான்னு பாருங்க. ஒரு வாரம் கழிச்சு போகும்போது தாப்பா வந்திருந்துச்சுன்னா அந்த அக்காவ எனக்கு பிடிச்சிருக்குன்னு சொல்லுவேன்.

தொண்டைல மாட்டறத பத்தி ஒரு பாரா எழுதியே ஆகணும். பெரிய பசங்க நொறுக்கு தின்னுட்டே நடப்பாங்க, வேர்க்கடலை, பொட்டுக்கடலை, மாதுளை, முழு திராட்சை, கீழ சிந்தினத உங்க பொண்ணு பொறுக்கி வாயில போடும், 9 மாசத்துல அதுக்கு அதான் வேலையே. மாட்டிட்டா என்ன பண்ணணும்னு அக்காவுக்கு தெரியுமான்னு கேளுங்க. ஒரு வயசு ஆகாத குழந்தைய முன்கை மேல குப்புற போட்டு, தல தாழ்ந்து இருக்கணும், ரெண்டு தோள்பட்டைக்கு நடுவுல உள்ளங்கையோட அடிப்பாகத்தால அஞ்சு தட்டு, வெளிய வரலன்னா திருப்பி மல்லாக்க போட்டு நெஞ்சுக்கு நடுவுல அஞ்சு அழுத்து, மாத்தி மாத்தி, கூட இருக்கறவங்க 108க்கு போன். காலை புடிச்சு தலகீழா தொங்க விடறதும், கண்ணுக்கு தெரியாதத விரல விட்டு துழாவறதும் கூடாது, துழாவினா இன்னும் உள்ள தான் போகும். அவங்களுக்கு தெரியலன்னா குறையா நினைக்காதீங்க, பெரும்பாலான அம்மா அப்பாக்கும் தெரியாது. தடுப்பூசி போட போகும்போது உங்க டாக்டர் கிட்டயோ நர்ஸ் கிட்டயோ பொம்மை வச்சு செஞ்சு காட்ட சொல்லுங்க, அந்த அக்காவையும் ஹெல்ப்பர் பொண்ணையும் கூடவே கூட்டிட்டு போங்க.

அந்த வீட்டுல வேற யாரு இருக்காங்கன்னு நீங்க எழுதல. அக்காவோட வீட்டுக்காரர், காலேஜ் போற பையன், ஊர்ல இருந்து வந்து தங்கற சொந்தக்காரங்க, வீட்டு டே கேர்னா இவங்க எல்லாரும் சேத்தி தான். யாரையும் சந்தேகப்படுங்கன்னு சொல்லல. ஆனா குழந்தைய குளிப்பாட்டறது, டயப்பர் மாத்தறது, தூங்க வைக்கறது அக்காவும் ஹெல்ப்பரும் மட்டும் தான்னு ஒரு வழக்கம் அந்த வீட்டுல இருக்கணும், அத அவங்களே சொன்னா இன்னும் நல்லது. குழந்தைங்கள பாலியல் கொடுமைல இருந்து பாதுகாக்கற போக்சோ சட்டம் 2012ல வந்துச்சு, குழந்தைகள் உதவி எண் 1098ம் எல்லாருக்கும் தெரியும், ஆனா 9 மாச குழந்தையால எதையும் வந்து சொல்ல முடியாது, அதான் முன்னாடியே கேட்டுக்கறது. அதே மாதிரி குழந்தைய யாரு கிட்ட குடுத்து அனுப்பலாம்னு நாலு பேரோட பேரும் போன் நம்பரும் எழுதி குடுங்க. அந்த லிஸ்ட்ல இல்லாதவங்க உங்க சொந்த தம்பியாவே இருந்தாலும் போன் பண்ணி கேட்டுட்டு தான் விடணும்.

ரிஜிஸ்ட்ரேஷன் கேட்டிருந்தீங்க. தமிழ்நாட்டுல ப்ளே ஸ்கூலுக்குன்னு 2015ல தனி விதிமுறை வந்துச்சு, கம்பெனிங்க நடத்தற க்ரெஷ்க்கு, அதாவது குழந்தை காப்பகத்துக்கு, மத்திய அரசு 2018ல குறைந்தபட்ச வழிகாட்டுதல் போட்டுச்சு. வீட்டுல வச்சு அஞ்சாறு குழந்தைய பாத்துக்கறவங்கள்ல நிறைய பேரு எந்த லைசென்ஸும் எடுத்ததில்ல, கேட்டா என்ன லைசென்ஸும்மான்னு உங்களயே திருப்பி கேப்பாங்க. கேளுங்க, இருந்தா பாருங்க, ஆனா பேப்பர் இருக்குங்கறதால நிம்மதியாவும், இல்லங்கறதால பயந்தும் முடிவெடுக்காதீங்க. அத விட, இப்ப அங்க விடற ரெண்டு அம்மாக்களோடயும், போன வருஷம் விட்டுட்டு நிறுத்தின ஒரு அம்மாவோடயும் பேசுங்க. நிறுத்தினவங்க கிட்ட தான் உண்மை இருக்கும். ஒரே அபார்ட்மென்ட்ங்கறதால இது உங்களுக்கு ஈஸி.

அந்த அக்கா எப்படி ஆளுன்னு தெரிஞ்சுக்க எனக்கு ஒரு வழி இருக்கு. குழந்தைங்கள பத்தி பேச விடுங்க. “இவன் பருப்ப துப்பிடுவான், ரசம்னா சாப்பிடுவான், இவளுக்கு முதுக தட்டினா தூக்கம் வராது, காத தடவணும்”னு ஒவ்வொருத்தரையும் தனித்தனியா சொல்றாங்களா, இல்ல எல்லாம் சமத்து குழந்தைங்கம்மா, ஒரு தொந்தரவும் இல்லன்னு மொத்தமா சொல்றாங்களா. ரெண்டாவது பதில் எனக்கு பிடிக்காது, தொந்தரவு இல்லாத ரெண்டு வயசு குழந்தைய நான் பாத்ததில்ல. மத்தியான நேரத்துல அஞ்சு குழந்தை முழிச்சிட்டு இருக்கற வீடு அமைதியா இருந்தா அதுவும் எனக்கு உறுத்தும். சத்தம் இருக்கட்டும். அழுத குழந்தைய யாராவது எவ்ளோ நேரத்துல தூக்கினாங்க, தூக்க முடியலன்னாலும் இதோ வரேன்டா தங்கம்னு ஒரு குரலாவது குடுத்தாங்களா, அதான் பாக்கணும்.

கேள்வி கேட்டா தப்பா நினைப்பாங்களோன்னா, எப்படி கேக்கறோம்ங்கறதுல தான் இருக்கு. கிச்சன்ல போய் நின்னு இது ஏன் அங்க இருக்குன்னு இன்ஸ்பெக்டர் மாதிரி கேட்டா யாருக்கும் கோவம் வரும். “எனக்கு முதல் குழந்தைக்கா, ஒண்ணும் தெரியல, நீங்க எப்படி பண்றீங்கன்னு சொல்லுங்க”ன்னு ஆரம்பிங்க, கொட்டிடுவாங்க. அனுபவம் இருக்கற ஆளு கேள்விக்கு கோவப்பட மாட்டாங்க, தன் வேலைய ஒருத்தர் மதிச்சு கேக்கறாங்கன்னு தான் எடுத்துப்பாங்க. காசு விஷயத்துல பேரம் பேசாதீங்கன்னும் சொல்லுவேன். 7,000த்த 5,500 ஆக்கினா அந்த நஷ்டத்துக்கு அவங்க இன்னொரு குழந்தைய தான் சேப்பாங்க, உங்க பொண்ணுக்கு கிடைக்கற கை அங்க தான் குறையும். மாறா, ஹெல்ப்பர் ஏழு மணி வரைக்கும் இருக்கறதா இருந்தா 500, 1,000 சேத்து தர்றோம்னு நாலு அம்மாக்கள் சேந்து கேளுங்க, அது நடக்கும்.

எல்லாம் ஒத்து வந்துச்சுன்னா ஒண்ணாந்தேதி காலைல கொண்டு போய் விட்டுட்டு ஆபீஸ் ஓடாதீங்க. 9 மாசம்ங்கறது அம்மாவ விட்டு பிரிஞ்சா குழந்தை ரொம்ப அழற வயசு, புது மூஞ்சிய பாத்தாலே வீல்னு கத்தும். இப்பவே ஆரம்பிங்க, முதல் ரெண்டு நாள் நீங்களும் கூட ஒரு மணி நேரம், அப்புறம் அரை மணி நேரம் நீங்க இல்லாம, அப்புறம் ஒரு சாப்பாட்டு நேரம், அப்புறம் ஒரு தூக்கம். விட்டுட்டு போகும்போது ஒளிஞ்சு ஓடாதீங்க, டாட்டா சொல்லிட்டு போங்க, அழுதாலும் பரவால்ல, அழுது பத்து நிமிஷத்துல ஓயுதான்னு தான் பாக்கணும். உங்க சேலையோ துப்பட்டாவோ துவைக்காதது ஒண்ணு அக்கா தோள்ல போட்டுக்க குடுத்து அனுப்பலாம், ஆனா தூங்கற இடத்துல போட்டு வைக்க வேண்டாம். தாய்ப்பால் பீய்ச்சி குடுத்து அனுப்பறதா இருந்தா பேரும் நேரமும் எழுதின டப்பால, வெளிய வச்சா 4 மணி நேரத்துக்குள்ள, நம்ம ஊர் வெயிலுக்கு அவ்ளோ நேரமும் வேண்டாம், நேரா ஃப்ரிட்ஜ். சுடுதண்ணில வச்சு சூடு பண்ணணும், மைக்ரோவேவ் கூடாது.

சேத்த பிறகு முதல் மாசம் எடைய ரெண்டு தடவ பாருங்க. டயப்பர் புண்ணு திரும்ப திரும்ப வந்தா நேரத்துக்கு மாத்தாம விடறதா இருக்கலாம். வீட்டுக்கு வந்த உடனே ரொம்ப நாள் பட்டினி மாதிரி குடிச்சா என்ன சாப்பிட்டுச்சுன்னு நோட்டுல எழுத சொல்லுங்க. உங்க பொண்ணு இன்னும் நடக்கல, நடக்காத குழந்தைக்கு உடம்புல கன்னிப்போன தடம் சாதாரணமா வராது, தொடைலயோ காதுலயோ கன்னத்துலயோ பாத்தீங்கன்னா “எங்கயோ இடிச்சிருக்கும்”ங்கறத ஏத்துக்காதீங்க, அன்னிக்கே டாக்டர் கிட்ட காட்டுங்க, மறுநாள் அங்க விடாதீங்க.

அக்கா வீடு ஒத்து வரலன்னா வேற என்னன்னு நீங்க கேக்கல, ஆனா நான் சொல்லணும். 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்கற இடத்துல க்ரெஷ் வசதி இருக்கணும்னு 2017 மெட்டர்னிட்டி சட்ட திருத்தத்துலயே வந்துச்சு, நாளைக்கு நாலு தடவ அம்மா போய் குழந்தைய பாத்துக்கவும் விடணும். சொந்தமா நடத்தாத கம்பெனிங்க பக்கத்துல இருக்கற டே கேரோட டை அப் வச்சிருப்பாங்க, நிறைய அம்மாக்களுக்கு அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது. அங்கயும் நான் சொன்ன அதே பன்னண்டரை மணி சோதனை தான். உங்க ஹெச்ஆர்க்கு இன்னிக்கே ஒரு மெயில் போட்டுடுங்க, இடம் இருக்கா இல்லயான்னு அவங்க பதில் சொல்லவே ரெண்டு வாரம் இழுப்பாங்க.